கழுத்தை இழுக்குதா கேமரா? பெல்ட் வாங்கும் முன் இதைப் படிங்க... சில நூறு ரூபாயிலும் தீர்வு இருக்கு!

அதிகாலை முகூர்த்தம் என்றால் போட்டோகிராபருக்கு வேலை முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். பெண் அழைப்பு, ரிசப்ஷன், நடு ராத்திரி வரை மேடை போட்டோ, ரெண்டு மணி நேரத் தூக்கம், மறுபடி காலை முகூர்த்தம், பந்தி, மறுவீடு. இத்தனை நேரமும் கேமரா கழுத்தில்தான். வீட்டுக்கு வந்து படுத்தால் பின்கழுத்தில் ஒரு பிடி, தோளில் ஒரு இழுப்பு. "இந்தத் தொழில்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு தைலம் தேய்த்துக்கொண்டு தூங்கிவிடுவார்கள்.

ஆனால் இந்த வலியில் ஒரு பங்குக்குக் காரணம் தொழில் இல்லை. கேமரா பெட்டிக்குள் இலவசமாக வந்த அந்த மெல்லிய பெல்ட்.

லட்சக்கணக்கில் கடன் போட்டு பாடியும் லென்ஸும் வாங்குகிறோம். அந்த மொத்த எடையையும் தாங்குகிற பெல்ட்டைப் பற்றி ஒரு நிமிஷம் கூட யோசிப்பதில்லை. சரி, வசதியான பெல்ட் எது? அதுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? எந்த இடத்தில் காசைப் பார்க்கக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

ஓடைப்பட்டி தோட்டத்துக்காரருக்குத் தெரிந்த கணக்கு

தேனி மாவட்டம் ஓடைப்பட்டி என்றாலே நினைவுக்கு வருவது விதையில்லா திராட்சை. அங்கே தோட்டத்தில் மருந்தடிக்கிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? முதுகில் மாட்டும் மருந்து டேங்க் சாதாரணமாக 16 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதைச் சுமந்துகொண்டு வரிசை வரிசையாக நடக்கிறார்.

அவர் அந்த டேங்க்கைக் கழுத்தில் தொங்கவிடுவாரா? மாட்டார். ரெண்டு தோளிலும் பட்டை போட்டு, முதுகோடு ஒட்டி மாட்டுகிறார். பறித்த திராட்சையைத் தலையில் தூக்குகிறவர் முதலில் துண்டைச் சுருட்டி சும்மாடு வைக்கிறார்.

சுமை ஓரிடத்தில் வெட்டக் கூடாது, பரவ வேண்டும் என்பது சும்மாட்டின் கணக்கு. சுமை உடம்பின் பலமான பகுதியில் உட்கார வேண்டும் என்பது மருந்து டேங்க்கின் கணக்கு. நல்ல கேமரா பெல்ட்டுக்கும் இந்த ரெண்டு விதிதான். கடையில் யார் என்ன சொன்னாலும் இந்த ரெண்டையும் வைத்து எடை போடுங்கள்.

முதலில் உங்க கேமராவின் எடை என்ன?

பெல்ட் தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. பிரபலமான சில கேமராக்களைப் பார்ப்போம்.

● கேனான் 1500டி பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து சுமார் 475 கிராம். கூட வரும் 18-55 லென்ஸ் சுமார் 200 கிராம். மொத்தம் 700 கிராமுக்குள் அடங்கிவிடும்.

● சோனி ஏ7 III பாடி சுமார் 650 கிராம். முதல் தலைமுறை 24-70 ஜி மாஸ்டர் லென்ஸ் 886 கிராம். மேலே ஒரு ஃபிளாஷ், அதற்கு பேட்டரி. மொத்தம் 2 கிலோவைத் தொட்டுவிடும்.

● நிக்கான் டி850 பாடி மட்டும் பேட்டரியோடு சுமார் 1 கிலோ.

● முதல் தலைமுறை சோனி 70-200 ஜி மாஸ்டர் லென்ஸ் 1,480 கிராம். அதை இன்னொரு ஏ7 III பாடியில் மாட்டினால் 2.1 கிலோ.

ரெண்டு கேமராவோடு கல்யாண வேலை பார்க்கிறவர் உடம்பில் 4 கிலோவுக்கு மேல் தொங்குகிறது. ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க சுற்றுவதற்குச் சமம். அதனால்தான் 700 கிராம் கேமராவுக்குப் போதுமான பெல்ட், 2 கிலோ கேமராவுக்குப் போதாமல் போகிறது.

கழுத்தில் என்னதான் நடக்கிறது?

ரெண்டு விஷயம் நடக்கிறது. ரெண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் தப்பான பெல்ட்டில் காசு போகாது.

ஒன்று, அழுத்தம். அதே 2 கிலோ, 2 செ.மீ. அகலப் பட்டையில் தொங்கினால் தோலில் கோடு போட்டதுபோல் வெட்டும். 5 செ.மீ. அகலப் பட்டையில் தொங்கினால் தொடும் பரப்பு இரண்டரை மடங்கு ஆகிறது. அப்போது ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் விழும் அழுத்தம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சும்மாடு செய்யும் வேலை இதுதான்.

ரெண்டு, இழுப்பு. பெல்ட் எவ்வளவு அகலமாக இருந்தாலும் 2 கிலோ 2 கிலோதான். அது கழுத்தின் பின்புறம் உட்கார்ந்து, நெஞ்சுக்கு முன்னால் தொங்குகிறது. தலை முன்னால் போய்விடாமல் பிடிக்க, பின்கழுத்துத் தசைகள் நாள் முழுக்க எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இழுப்பை அகலமும் பஞ்சும் குறைக்காது. சுமையைக் கழுத்திலிருந்து இறக்கி தோள், முதுகு, இடுப்பு என்று மாற்றினால்தான் குறையும்.

இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. ஒவ்வொரு படம் எடுத்ததும் குனிந்து ஸ்கிரீனைப் பார்க்கிறோம் அல்லவா? நியூயார்க்கைச் சேர்ந்த முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணினி மாதிரிக் கணக்கை வெளியிட்டார். தலை நேராக இருக்கும்போது கழுத்தெலும்பு தாங்குவது சுமார் 5 கிலோ. 15 டிகிரி குனிந்தால் அது சுமார் 12 கிலோவுக்குச் சமமாகிறது. 30 டிகிரியில் சுமார் 18 கிலோ. 60 டிகிரியில் சுமார் 27 கிலோ. செல்போன் பார்ப்பவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. குனிந்து குனிந்து கேமரா ஸ்கிரீன் பார்ப்பவருக்கும் பொருந்தும். அவருக்குக் கழுத்தில் கேமராவும் சேர்ந்து தொங்குகிறது என்பதுதான் வித்தியாசம்.

கழுத்து பெல்ட் எதுக்குத்தான் வந்தது?

பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டால் யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராவைப் பற்றிச் சொல்வார்கள். அதைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. வயிற்றுக்கு முன்னால் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்ப்பார்கள். கழுத்து பெல்ட் அதை அந்த உயரத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கும். ஒரு ரோலில் 12 படம்தான். யோசித்து யோசித்து எடுப்பார்கள். எடுத்ததும் கேமராவை இறக்கி வைத்துவிடலாம்.

இன்று ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் கிளிக் செய்கிறோம். கேமரா நெஞ்சிலிருந்து கண்ணுக்கும், கண்ணிலிருந்து நெஞ்சுக்கும் ஓயாமல் போய் வருகிறது. வேலை இப்படி மாறிவிட்டது. பெட்டியில் வரும் பெல்ட் மட்டும் இன்னும் கழுத்து பெல்ட்டாகவே வருகிறது.

எத்தனை வகை இருக்கு? யாருக்கு எது?

*1. பெட்டியில் வரும் சாதா பெல்ட்*

நைலான் நாடா, நடுவில் கொஞ்சம் ரப்பர் பூச்சு. சின்ன கேமராவுக்கு, ஒன்றிரண்டு மணி நேர வேலைக்கு இது போதும். வீட்டு விசேஷத்துக்கு மட்டும் கேமராவைத் தொடுகிறவர் புதுசு வாங்க வேண்டியதில்லை. கழுத்தில் நேராகப் போடாமல் ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காகப் போடுங்கள். நீளம் பத்தினால் இதிலேயே பாதி வசதி வந்துவிடும். செலவு பூஜ்ஜியம்.

*2. அகலமான நியோபிரீன் பெல்ட்*

நியோபிரீன் என்பது செயற்கை ரப்பர். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் 1930-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கடலுக்குள் முக்குளிப்பவர்கள் போடும் உடை இதே பொருள்தான். மெத்தென்று இருக்கும், கொஞ்சம் இழுபடும், தோளில் வழுக்காது. ஆன்லைனில் ஏறத்தாழ 300 முதல் 700 ரூபாய்க்குள் சாதாரண வகைகள் கிடைக்கின்றன.

1 கிலோ வரையிலான கேமராவுக்கு நல்ல தேர்வு. ஆனால் ரெண்டு குறை உண்டு. காற்று புகாது என்பதால் சித்திரை வெயிலில் அடியில் வியர்த்து ஊறும். அடுத்தது, அதிகம் இழுபடும் ரகத்தில் கனமான லென்ஸைத் தொங்கவிட்டு நடந்தால் கேமரா ஊஞ்சல் மாதிரி மேலும் கீழும் ஆடும். கடையில் "பாருங்க சார், எப்படி இழுக்குது!" என்று காட்டுவார்கள். கனமான கேமரா வைத்திருப்பவருக்கு அந்த இழுவை வசதி இல்லை, தொந்தரவு.

*3. ஸ்லிங், அதாவது குறுக்கு பெல்ட்*

ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காகப் போகும். கேமரா இடுப்புப் பக்கம் தலைகீழாகத் தொங்கும். எடுக்கும்போது பெல்ட் தோளிலேயே நிற்க, கேமரா மட்டும் பட்டையில் வழுக்கி மேலே வரும். பெல்ட்டோடு சேர்த்து இழுக்க வேண்டியதில்லை. சாதாரண வகை ஏறத்தாழ 500 முதல் 1,500 ரூபாய் வரை கிடைக்கும்.

1 கிலோவுக்கு மேல் ஒரே கேமரா வைத்து வேலை பார்ப்பவருக்கு, செலவுக்கு ஏற்ற பலன் அதிகம் தருவது இதுதான். சுமை கழுத்தை விட்டு தோளுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் ஒரே தோளில் நாள் முழுக்க மாட்டாதீர்கள். நம்மை அறியாமலே அந்தத் தோளைத் தூக்கிப் பிடிப்போம், வலி அங்கே இடம் மாறும். காலையில் வலது தோள், பந்தி முடிந்ததும் இடது தோள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கும்போதே ரெண்டு தோளுக்கும் பொருந்தும் வடிவமா என்று பாருங்கள். தோள் வளைவுக்கேற்ப ஒரு பக்கத்துக்கு மட்டுமே வெட்டிய பேடும் உண்டு.

*4. ரெண்டு தோள் ஹார்னஸ்*

ரெண்டு கேமரா தூக்குபவருக்கானது. முதுகில் குறுக்குப் பட்டை, ரெண்டு பக்க இடுப்பிலும் ஒவ்வொரு கேமரா. காவடித் தண்டு மாதிரி எடை ரெண்டு பக்கமும் சமமாகிவிடும். நம் ஊர்த் தயாரிப்புகள் ஏறத்தாழ 1,000 ரூபாயில் தொடங்குகின்றன, தோலில் செய்தது என்றால் விலை ஏறும்.

ரெண்டு கழுத்து பெல்ட்டை எக்ஸ் மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் ஒரே கேமரா வைத்திருப்பவருக்கு இது வேண்டாத சுமை. மாட்டவும் கழற்றவும் நேரம் எடுக்கும். சாப்பிட உட்கார்ந்தால் கேமரா நாற்காலியில் மோதும்.

*5. கைப்பட்டை*

மணிக்கட்டில் மாட்டுவது ஒன்று, புறங்கையைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பது இன்னொன்று. சின்ன கேமராவுக்கும், அடிக்கடி எடுத்து எடுத்து வைக்கும் வேலைக்கும் ஏற்றது. கை ஓய்ந்தால் தொங்கவிட வழியில்லை என்பதால் முழு நாள் கல்யாணத்துக்குத் தனியாக இது போதாது.

திராட்சைப் பந்தலுக்குள் போட்டோ எடுக்கப் போறீங்களா?

2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை தொங்கிக்கொண்டே இருக்கும். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் பந்தலுக்குள் வேலை செய்வதும் மண்டபத்தில் வேலை செய்வதும் ஒன்றல்ல.

பந்தல் ஆள் உயரம்தான். கல்தூண், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. குனிந்துதான் போக வேண்டும். நீளமான கழுத்து பெல்ட்டோடு குனிந்தால் கேமரா நெஞ்சை விட்டு விலகி முன்னால் ஊசலாடும், பக்கத்துக் கல்தூணில் போய் இடிக்கும். தளர்ந்து தொங்கும் நாடா நுனி கம்பியிலும் கொடியிலும் மாட்டும். இங்கே பெல்ட்டைச் சுருக்கி, கேமராவை முதுகுப் பக்கமோ விலாப் பக்கமோ தள்ளிவிட்டு நடப்பதுதான் பாதுகாப்பு. ஒரே இழுப்பில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிள் உள்ள பெல்ட் இந்த மாதிரி இடத்தில்தான் தன் விலையைத் திருப்பித் தரும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறீர்களா? அக்னிச் சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி பக்தர்கள் வரும் கூட்டத்தில் இடுப்பில் ஆடும் கேமரா ஆபத்து. யார் மீதாவது இடிக்கும், யார் கையாவது பெல்ட்டில் மாட்டும். அங்கே ஸ்லிங்கைச் சுருக்கி, ஒரு கையை எப்போதும் கேமரா மேல் வைத்திருங்கள்.

சுருளி அருவிப் பக்கம் போனால் பெல்ட் நனையும். நனைந்த பெல்ட்டைக் கேமராவோடு சுருட்டி பைக்குள் திணித்துவிடாதீர்கள். அந்த ஈரமே லென்ஸில் பூஞ்சை பிடிக்க வழி செய்யும். பெல்ட்டைக் கழற்றித் தனியாக நிழலில் காயவிடுங்கள்.

மேகமலைக்கு பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவைக் கழுத்திலோ தோளிலோ மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் சறுக்கி விழுந்தால் நெஞ்சில் முதலில் குத்துவது அந்த கேமராதான். தொங்கும் பெல்ட் சக்கரத்தில் சிக்கும் அபாயமும் இருக்கிறது. பைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இறங்கியதும் மாட்டிக்கொள்ளலாம்.

காசைப் பார்க்கக் கூடாத இடம்: இணைப்பு

பெல்ட் அறுந்து கேமரா விழுவது அபூர்வம். கேமராவும் பெல்ட்டும் சேரும் இடம் விட்டுப்போய் விழுவதுதான் வழக்கம். பணத்தை இங்கே போடுங்கள்.

பல ஸ்லிங், ஹார்னஸ் பெல்ட்டுகள் கேமராவின் அடியில் ட்ரைபாட் மாட்டும் துளையில் திருகப்படுகின்றன. அது கால் அங்குல அளவு, அதாவது 6.35 மி.மீ. திருகு. நடக்க நடக்க கேமரா ஆடும், ஆட ஆட திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அதனால் கவனிக்க வேண்டியவை:

● திருகுக்கும் கேமராவுக்கும் நடுவில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். அதுதான் பிடிமானம் தரும், கீறலையும் தடுக்கும்.

● கொக்கியில் பூட்டு இருக்க வேண்டும். சாவிக்கொத்துக் கொக்கி மாதிரி அழுத்தினாலே திறந்துகொள்வது வேண்டாம். மேலே திருகி மூடும் உறை உள்ளதாகப் பாருங்கள்.

● பாதுகாப்புக் கயிறு கட்டாயம். திருகில் ஒரு இணைப்பு, கேமராவின் பக்கவாட்டுக் கண்ணியிலிருந்து பெல்ட்டுக்கு இன்னொரு இணைப்பு. ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். பெல்ட்டோடு வரவில்லை என்றால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். விலை கொஞ்சம்தான்.

● 70-200 போன்ற கனமான லென்ஸ் என்றால் கேமரா பாடியில் மாட்டாமல், லென்ஸோடு வரும் காலரின் பாதத்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் லென்ஸின் மொத்த எடையும் கேமராவின் வாய் வளையத்தில் விழும்.

● முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு தடவை, பந்திக்கு முன்னால் ஒரு தடவை திருகைக் கையால் இறுக்கிப் பாருங்கள். பத்து நொடி வேலை.

சாதா பெல்ட்டிலும் இணைப்பு முக்கியம். நாடாவைக் கண்ணியில் விட்டு, பக்கிளில் திருப்பிக் கோத்து, நுனியை உள்பக்கமாகச் செருக வேண்டும். நிறைய பேர் நுனியை வெளியே தொங்கவிடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு வந்து ஒருநாள் விட்டுவிடும். மாட்டியதும் ரெண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்.

விலை உயர்ந்த பிராண்டில் அப்படி என்ன இருக்கு?

பீக் டிசைன் போன்ற அமெரிக்க பிராண்டுகளின் பெல்ட் பல ஆயிரம் ரூபாய். காரணம் இல்லாமல் இல்லை. கேமரா கண்ணியில் சின்ன வட்டமான ஒரு இணைப்பு நிரந்தரமாக இருக்கும். பெல்ட்டை நொடியில் கழற்றலாம், மாட்டலாம். அந்த இணைப்புக் கயிறு தேய ஆரம்பித்தால் உள்ளே வேறு நிறம் தெரியும், "மாத்துங்க" என்று அதுவே எச்சரிக்கும். கார் சீட் பெல்ட் மாதிரி வழவழப்பான நாடா, சட்டையில் உரசாமல் வழுக்கும்.

நல்ல பொருள்தான். ஆனால் தோளுக்கு வசதி தருவது அகலமும் சுமை உட்காரும் இடமும். அது ரெண்டும் 800 ரூபாய் பெல்ட்டிலும் கிடைக்கும். கையில் காசு இருக்கிறது, ட்ரைபாட், கிம்பல் என்று அடிக்கடி மாற்றுகிற வேலை என்றால் வாங்கலாம். முதல் கேமராவுக்கு இப்போதுதான் தவணை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அவசரமே இல்லை.

ஒரே எச்சரிக்கை: பெரிய பிராண்டின் பெயரில் பாதி விலைக்கும் கீழே ஆன்லைனில் வரும் நகல்கள். நாடா பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், கொக்கியின் பலம்தான் தெரியாது. நகல் பிராண்டை விட, பெயரே இல்லாத எளிய பெல்ட்டும் நல்ல பாதுகாப்புக் கயிறும் மேல்.

கடையில் நின்று பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. தோளில் உட்காரும் பகுதி குறைந்தது 4 செ.மீ. அகலம். கேமரா 1.5 கிலோவைத் தாண்டினால் 5 செ.மீ. அல்லது அதற்கு மேல்.

2. பட்டையின் ஓரத்தை விரலால் தடவுங்கள். ஓரம் கத்தி மாதிரி இருந்தால் எத்தனை பஞ்சு வைத்தாலும் கழுத்தில் உரசும்.

3. தையலைப் பாருங்கள். சுமை தாங்கும் இடத்தில் பெட்டி போட்டு நடுவில் எக்ஸ் வடிவில் தைத்திருந்தால் நல்லது. ஒற்றை வரித் தையல் வேண்டாம்.

4. நீளம். ஸ்லிங் போட்டால் கேமரா இடுப்பெலும்புப் பக்கம் வர வேண்டும். முட்டிக்குக் கிட்டே தொங்கினால் நடக்க நடக்கத் தொடையில் அடிக்கும். உயரமானவர்களும் உடம்பு பெரிதானவர்களும் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

5. ஈரமான வெள்ளைத் துணியால் பட்டையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் போனால், வியர்வையில் உங்கள் சட்டைக்கும் அதே கதிதான்.

6. பெல்ட்டில் பெரிய எழுத்தில் கேமரா மாடல் பெயர் வேண்டாமே. பஸ்ஸிலும் ரயிலிலும் "இங்கே விலை உயர்ந்த பொருள் இருக்கிறது" என்று அதுவே போர்டு பிடிக்கும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். உங்க கேமராவை மாட்ட வேண்டாம். ஒரு துணிப்பைக்குள் ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில் வைத்து, அதை பெல்ட்டில் கட்டி, வீட்டுக்குள் அரை மணி நேரம் நடங்கள், குனியுங்கள், மாடிப்படி ஏறுங்கள். 2 கிலோ எடை, விழுந்தாலும் நஷ்டமில்லை. எங்கே வெட்டுகிறது, எங்கே உரசுகிறது, எது தளர்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போதைக்கு வாங்க முடியலையா?

பரவாயில்லை. தோளில் ஒரு பருத்தித் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் பெல்ட்டை வையுங்கள். சும்மாடு போலவே சுமை பரவும், வியர்வையையும் உறிஞ்சும்.

அடுத்து, பை தைக்கிற கடைக்காரரிடம் இருக்கும் பெல்ட்டைக் கொடுத்து, நடுவில் 5 செ.மீ. அகலத்துக்கு ஃபோம் வைத்துத் துணி உறை தைக்கச் சொல்லுங்கள். செலவு கம்மி. ஆனால் கேமராவோடு இணையும் நுனிகளில் மட்டும் கைவைக்க வேண்டாம். அந்த நாடாவும் பக்கிளும் கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும். பழைய நாடாவை வெட்டி ஒட்டித் தைப்பது, சாவிக் கொக்கி மாட்டுவது போன்ற கைவேலையில் விழுந்து உடைவது பெல்ட் அல்ல, கேமரா.

பழக்கத்திலும் கொஞ்சம் மாற்றம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து ஸ்கிரீன் பார்க்காமல், கேமராவைக் கண் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தேவையில்லாத நேரத்தில் கனமான லென்ஸைக் கழற்றி வையுங்கள். மேடையில் ஒரே இடத்தில் நின்று வரிசையாக மொய் போட்டோ எடுக்கும் நேரத்துக்கு ட்ரைபாடில் வைத்துவிடலாம். உடம்பில் எடையே இல்லை என்பதை விட வசதியான பெல்ட் எதுவும் கிடையாது. ட்ரைபாடில் வைத்ததும் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள் அல்லது சுருட்டிக் கட்டுங்கள். தொங்கும் பெல்ட்டைக் குழந்தைகள் இழுத்தால் எல்லாம் சேர்ந்து விழும்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

பெல்ட்டை மாற்றினால் தசைப் பிடிப்பு குறையும். எல்லா வலியும் பெல்ட்டால் வருவதும் இல்லை, பெல்ட்டால் தீர்வதும் இல்லை. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி, விரல்களில் மரத்துப்போதல் அல்லது குறுகுறுப்பு, பொருளைப் பிடிக்கும்போது கை பலமிழப்பது, சில நாள் ஓய்வுக்குப் பிறகும் விடாத வலி, இதில் எது இருந்தாலும் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். "சீசன் முடியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். கையில் பலம் போனால் அடுத்த சீசனில் கேமராவைத் தூக்குவதே கஷ்டமாகிவிடும்.

சுருக்கமாக...

கேமரா 700 கிராம்தான் என்றால், இருக்கிற பெல்ட்டையே குறுக்காகப் போடுங்கள். 1 கிலோ வரை என்றால் அகலமான நியோபிரீன். அதற்கு மேல் ஒரே கேமரா என்றால் ஸ்லிங். ரெண்டு கேமரா என்றால் ஹார்னஸ். எதுவாக இருந்தாலும் பாதுகாப்புக் கயிறு சேர்த்தே வாங்குங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு இன்னும் சில நாள் இருக்கும். அதற்குள் உங்க கேமராவையும் அதிகம் பயன்படுத்தும் லென்ஸையும் சேர்த்து எடை போட்டுப் பாருங்கள். சமையலறைத் தராசு இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், எந்த பெல்ட் போதும், எது வேண்டாத செலவு என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம்.